முட்டையும் பாலும் சேராத பழ மஃபின்

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் கனகம்மாசத்திரம் என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. வழிப்போக்கர் தங்கி உண்டு இளைப்பாறுவதற்கென முற்காலத்தில் அமைக்கப்பட்ட சத்திரங்களை இவ்வூரின் பெயரே நினைவூட்டுகின்றது. ஆடிக் கிருத்திகையின்போது காவடி சுமந்து திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறுவதற்குத் திரளான மக்கள் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் விரதம் பூண்டவர்கள். முட்டை கலந்த பண்டத்தைத் தொடமாட்டார்கள். சாலையோரக் கடைகளில் அவர்களுக்குக் கிடைப்பதோ தொலைதூரத்து ஆலைகளிலிருந்து உறையிலிட்டு வரும் பிஸ்கோத்துகளும் வறுவல்களுமேயாம். அதே காலத்தில் அச்சாலைக்கு அப்பாலுள்ள தோப்புகளில் பிந்திய பருவத்து நீலம் மாம்பழம் உதிர்ந்து, பொறுக்கி விற்றால் பொறுக்கும் கூலிக்கும் கட்டாது என்று விடப்பட்டு, தரையிலேயே அழுகிப் போவதும் உண்டு.

இவ்வாறு வீணாகும் பழத்தில் ஒரு சிறு பகுதியையேனும் வீட்டிலேயே பக்குவஞ் செய்து நல்ல உணவாக மாற்றுவதற்குரிய ஒரு முறை இக்கட்டுரையில் விவரிக்கப்படுகின்றது. அதுவே முட்டை, பால், வெண்ணெய், தேன் ஆகிய பிராணி சம்பந்தமான பொருள்கள் எவையும் சேராத பழ மஃபின் ஆகும். மஃபின் என்பது சிறு கிண்ணங்களில் வார்த்து, நீராவியால் அன்றி வறண்ட வெப்பத்தால் வேகவைக்கப்படும் மெதுவான அப்பம் எனக் கொள்ளலாம்.

இதனை ஏன் கருத வேண்டும்?

திருத்தணிப் பகுதி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்துடன் சேர்க்கப்படுவதற்கு முன் ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. எல்லைக்கோடு மாறியபோதிலும் விளைபொருள்களின் போக்குவரத்து மாறவில்லை. பெங்களூரா என்றும் தோதாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாங்காய் இனத்திற்குச் சித்தூர் ஜில்லாவிலுள்ள பழக்கூழ் ஆலைகள் முக்கியமான சந்தைகளுள் ஒன்றாக இருந்து வருகின்றன. 2025ஆம் ஆண்டில் விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தபோது, ஆந்திர சர்க்கார் தம் குடியானவர்களுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும்படி, ஆலைகள் 8 ரூபாயும் சர்க்கார் 4 ரூபாயும் கொடுக்க ஏற்பாடு செய்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெளி ராஜ்யங்களிலிருந்து இவ்வினக் காய் சித்தூர் ஜில்லாவுக்குள் வருவதும் தடை செய்யப்பட்டது. ஒரே வாங்குவோரை நம்பி நிற்கும் தோப்புக்காரரின் நிலை எத்தன்மையது என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

எனினும் ஓர் உண்மையைத் தொடக்கத்திலேயே ஒளியாமல் கூறிவிடுதல் நலம். மஃபின் சுட்டு விற்பதால் மாம்பழ விலை வீழ்ச்சி தீர்ந்துவிடாது. கீழே கூறப்படும் அளவின்படி 12 மஃபின்களுக்கு 200 கிராம் பழக்கூழ் போதும். தோலும் கொட்டையும் நீங்க இவ்வளவு கூழ் பெறுவதற்குச் சுமார் 350 கிராம் பழம் வேண்டும். ஆகவே ஒரு டன் பழம் செலவாக வேண்டுமானால் ஏறக்குறைய 34,000 மஃபின்கள் சுட வேண்டியிருக்கும். எந்த வீட்டு அடுப்பும் இதற்குத் தாங்காது. இதன் பயன் வேறு வகையானது. தோப்புள்ள வீட்டின் குழந்தைகளுக்கு விலையின்றி ஒரு சிற்றுண்டி கிடைக்கின்றது. திருவிழாக் காலத்தில் சாலையில் செல்வோருக்கு விற்று வீட்டுப் பெண்மக்கள் சிறிது கைப்பொருள் காணலாம். நிலக்கடலை, வெல்லம், கேழ்வரகு, பழம் ஆகிய உள்ளூர் விளைபொருள்கள் ஒரே பண்டத்தில் சேர்ந்து, தனித்தனியே மூட்டையாக விற்பதைக் காட்டிலும் கூடுதலான மதிப்பைப் பெறுகின்றன. இவ்வளவே எதிர்பார்த்து முயல்பவர் ஏமாற்றம் அடையார்.

முன்னோர் கண்ட வழிகள்

முட்டையின்றி அப்பம் சுடுதல் புதிய விஷயம் அன்று. இங்கிலாந்தில் ஆல்பிரட் பேர்ட் என்னும் இரசாயன வல்லுநர், தம் மனைவிக்கு முட்டையும் புளிப்பேற்றும் ஈஸ்ட்டும் ஒவ்வாமையால், அவ்விரண்டும் இன்றி மாவை உப்பச் செய்யும் பேக்கிங் பவுடரை 1843ஆம் ஆண்டில் அமைத்தார். நம் நாட்டில் மைசூர்ச் சீமையிலிருந்து பெங்களூருக்குக் குடியேறிய ஐயங்கார் குடும்பத்தார், 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு ரொட்டிக் கிடங்குகள் வைத்து, முட்டை சேராத ரொட்டியும் கேக்கும் செய்து பெயர் பெற்றனர். இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் அவர்கள் பெயர் தாங்கிய ரொட்டிக் கிடங்குகளைக் காணலாம். முட்டையுடன் பாலையும் தேனையும் கூட நீக்கி உண்பவர்களைக் குறிக்கும் வீகன் என்னும் சொல்லோ, 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் சங்கம் ஒன்று கூட்டியபோது தோன்றியதாகும்.

காந்தியடிகள் 1912ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டொழித்தார். 1918ஆம் ஆண்டில் கேடா ஜில்லாவில் ஊர் ஊராகச் சுற்றியபோது நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சம்பழமுமே அவருடைய முக்கிய உணவாக இருந்தன. பின்னர்க் கடும் வயிற்றுக்கடுப்பால் நலிந்து, ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். இதனால் அறியத்தக்கது யாதெனில், நிலக்கடலை சிறந்த உணவாயினும் அதுவே எல்லார்க்கும் எல்லா நிலையிலும் பாலுக்கு ஈடாகிவிடாது என்பதாம். பால் ஒவ்வாதவர்க்கும் விரும்பாதவர்க்கும் இப்பண்டம் உதவும். பிராணி உணவு அனைத்தையும் நெடுங்காலம் விட்டவர்களோ, பி 12 என்னும் வைட்டமினுக்கு வேறு வழி தேடிக்கொள்ளுதல் அவசியம்.

முட்டையின் வேலையைச் செய்பவை

அப்பத்தில் முட்டை மாவைப் பிணைக்கின்றது, ஈரம் தருகின்றது, உப்பச் செய்கின்றது. இம்மூன்று வேலைகளையும் வேறு பொருள்களிடம் பகிர்ந்து கொடுக்க வேண்டும்.

பிணைப்புக்கு ஆளி விதை சிறந்தது. அதனைப் பொடித்து ஈரத்தில் ஊறவைத்தால் வெண்டைக்காய்ப் பிசின் போன்ற வழவழப்பு உண்டாகும். ஒரு மேசைக்கரண்டிப் பொடியும் மூன்று மேசைக்கரண்டித் திரவமும் ஒரு முட்டைக்கு ஈடாகக் கொள்ளப்படுகின்றன. நன்கு கனிந்த வாழைப்பழத்திலும் பிணைக்கும் குணம் உண்டு. ஆதலால் வாழைப்பழம் சேர்க்கும்போது ஆளி விதை வேண்டுவதில்லை. ஈரம் பழக்கூழிலிருந்தே கிடைத்துவிடும்.

உப்புவதற்கு ஆப்பச் சோடாவும் புளிப்பும் வேண்டும். இரண்டும் ஈரத்தில் கூடியவுடன் கரியமிலவாயு தோன்றி மாவில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கும். அடுப்பின் சூட்டில் அக்குமிழிகள் விரிய, அவற்றைச் சுற்றியுள்ள மாவு வெந்து இறுகிவிடுகின்றது. வாயு தோன்றிய சிறிது நேரத்தில் வெளியேறிவிடுமாதலால், அடுப்பு ஆயத்தமான பின்னரே மாவைக் கலக்க வேண்டும். முதன்முறை சுடுவோர் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

நிலக்கடலைப் பால்

இப்பகுதியில் மணிலாக்கொட்டை என்றும் வழங்கும் நிலக்கடலையிலிருந்தே பாலுக்கு ஈடான திரவம் செய்துகொள்ளலாம். 100 கிராம் பருப்பைச் சுமார் 8 மணி நேரம் நீரில் ஊறவைத்து, தோல் நீக்கிக் கழுவி, அரை லிட்டர் நீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழிய வேண்டும். பிழிந்த பாலைக் கிளறிக்கொண்டே கொதிக்கவைத்து, மேலும் சில நிமிஷங்கள் சிறு தீயில் வைத்து இறக்குக. பச்சை வாசனை நீங்கிவிடும். அன்று செய்ததை அன்றே உபயோகித்தல் நலம். பிழிந்த சக்கையை வீசிவிடாமல் அடைக்கோ துவையலுக்கோ சேர்க்கலாம்.

பருப்பைப் பொறுக்கி எடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் படிந்து உண்டான நஞ்சே காரணமென ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. அஃபிளடாக்சின் என்னும் அந்நஞ்சு கொதிக்கவைப்பதால் அழிவதில்லை. மனிதருடைய ஈரலையும் கெடுக்க வல்லது. ஆகையால் சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சணம் கண்டவை, கசப்பவை ஆகிய பருப்புகளை முற்றிலும் நீக்குக. அறுவடையானதும் காய்களை நன்றாக உலர்த்தி, ஈரம் தாக்காத இடத்தில் வைப்பதே இதற்கு முதற்காப்பு. நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்குத் தேங்காய்ப் பாலைக் கொண்டு செய்து கொடுக்கலாம்; அப்போது கடலெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயே சேர்க்க வேண்டும்.

சாமான்கள் (12 மஃபின்களுக்கு)

கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், வெல்லம் 120 கிராம், மாம்பழக் கூழ் 200 கிராம், கடலெண்ணெய் 60 மில்லி லிட்டர், ஆளி விதைப் பொடி 1 மேசைக்கரண்டி, நிலக்கடலைப் பால் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சஞ் சாறு 1 மேசைக்கரண்டி, ஆப்பச் சோடா அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் 3.

கேழ்வரகில் மாவை இழுத்துப் பிடிக்கும் பசைச் சத்து இல்லாமையால் மொத்த மாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் அப்பம் உதிர்ந்து போகும். நீலம், பங்கனப்பள்ளி இனங்கள் இனிப்பு மிக்கவை. பெங்களூரா சிறிது புளிப்புடையதாதலால் வெல்லம் இன்னும் 20 கிராம் கூட்டலாம். நார் மிகுந்த நாட்டுப் பழமாயின் கூழைச் சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். மாம்பழம் இல்லாத மாதங்களில், தோல் கறுத்து யாரும் வாங்காத வாழைப்பழம் 200 கிராம் மசித்துச் சேர்க்கலாம். அந்நிலையிலேதான் அதில் இனிப்பு மிகுதி. ஆந்திர நாட்டார் மாமிடி தாண்ட்ரா என்னும், மாம்பழச் சாற்றைப் பரப்பி வெயிலில் உலர்த்திய தகட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கலந்தாலும் சுவை மிகும்.

மணல் அடுப்பு

ரொட்டி அடுப்பு இல்லாத வீட்டார் மனந்தளர வேண்டுவதில்லை. கனமான இரும்பு வாணலியோ அடி தடித்த குண்டானோ எடுத்து, கழுவி உலர்த்திச் சலித்த ஆற்று மணலை 3 சென்டிமீட்டர் உயரம் பரப்புக. அதன்மேல் இரும்பு வளையம் ஒன்றை வைத்து, அதில் ஒரு தட்டை இருத்தி, இறுக்கமான மூடியால் மூடி, நடுத்தரத் தீயில் 15 நிமிஷம் சூடேற்றுக. தட்டின்மேல் ஒரு சிட்டிகை மாவைத் தூவி மூடிவைத்தால், சில நிமிஷங்களில் அது இளஞ்சிவப்பாக மாறுமாயின் சூடு போதும். கருகினால் தீயைத் தணிக்க வேண்டும். நீர் சிறிதும் விடலாகாது. மெல்லிய அலுமினியப் பாத்திரமும், ஒட்டாமல் இருப்பதற்குப் பூச்சிட்ட பாத்திரமும் இதற்கு உதவா. மணலை ஆறவைத்து எடுத்துவைத்தால் மீண்டும் மீண்டும் உபயோகிக்கலாம்.

செய்முறை

ஆளி விதைப் பொடியை நிலக்கடலைப் பாலில் கலந்து 10 நிமிஷம் ஊறவைக்கவும். வெல்லத்தைப் பொடித்து 50 மில்லி லிட்டர் வெந்நீரில் கரைத்து, மண்ணும் தும்பும் நீங்க வடிகட்டி ஆறவிடவும். ஆறிய பாகில் பழக்கூழ், எண்ணெய், ஊறிய ஆளி விதை, எலுமிச்சஞ் சாறு ஆகியவற்றைச் சேர்த்து நன்றாகக் கலக்கவும். வேறொரு பாத்திரத்தில் மாவு இரண்டையும், சோடா, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலப் பொடி ஆகியவற்றையும் சேர்த்து இருமுறை சலிக்கவும்.

வாணலியில் ஒரு தடவைக்கு 6 கிண்ணங்களே கொள்ளுமாயின், ஈரக் கலவையிலும் உலர்ந்த மாவிலும் பாதிப் பாதியை மட்டும் எடுத்துக் கலக்க வேண்டும். முழுவதையும் ஒருங்கே கலந்துவிட்டால், முதல் ஈடு வேகும் வரையில் காத்திருக்கும் மாவில் வாயு போய்விடும். இரண்டாம் ஈடு கல்லைப்போல் அமையும்.

கலக்கும்போது மரக்கரண்டியால் மாவை மடித்து மடித்துச் சேர்க்கவும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். சிறு கட்டிகள் இருந்தாலும் குற்றமில்லை. சப்பாத்தி மாவைப்போல அழுத்திப் பிசைந்தால் கோதுமையின் பசைச் சத்து இறுகி, அப்பம் தோலைப்போல் இழுபடும். எண்ணெய் தடவி மாவு தூவிய சிறு எவர்சில்வர்க் கிண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, தட்டின்மேல் அடுக்கி, உடனே மூடவும். தீயைச் சற்றுத் தணித்து 25 முதல் 30 நிமிஷம் வரை வேகவிடலாம். முதல் 20 நிமிஷம் மூடியைத் திறக்கலாகாது. பின்னர்த் தென்னங் ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். மின்சார ரொட்டி அடுப்பு உள்ளவர்கள் 180 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் 20 முதல் 25 நிமிஷம் வைத்து எடுக்கலாம். இறக்கியவுடன் கவிழ்க்காமல் 10 நிமிஷம் ஆறவிட்டு, ஓரத்தைக் கத்தியால் நெகிழ்த்தி எடுக்கவும்.

குற்றங்களும் காரணங்களும்

நடு குழிந்து போனால், வேகுமுன் திறந்ததோ சோடா மிகுந்ததோ காரணம். சவர்க்கார வாடையும் கருநிறமும் தோன்றினால் சோடா மிகுதி அல்லது புளிப்புக் குறைவு. உள்ளே களிபோல் இருந்தால் பழக்கூழ் அளவுக்கு மேற்பட்டது என்று அறிக. பழம் மிகுதியாக இருக்கின்றதென்று கூட்டிப் போடுவது தோப்புள்ள வீட்டாரிடம் எளிதில் நேரக்கூடிய பிழை. அடி கருகி மேல் வேகாவிட்டால் மணல் போதவில்லை அல்லது தீ மிகுதி. மூடியில் நீர்த்துளி சேர்ந்து மேலே சொட்டுமாயின், மூடியைச் சாய்க்காமல் நேரே தூக்கித் துடைத்துவிடுக.

வைப்பும் விற்பனையும்

பழத்தின் ஈரமும் வெல்லமும் உள்ள பண்டமாதலால் நம் வெயிலில் இரண்டு நாள்களுக்கு மேல் வைத்தல் தகாது. நன்றாக ஆறுமுன் மூடிவைத்தால் அதற்கு முன்னரே பூஞ்சணம் பிடிக்கும். விற்பனை செய்ய எண்ணுவோர், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்த தேதியையும் சேர்ந்த பொருள்களையும், முக்கியமாக நிலக்கடலையும் கோதுமையும் சேர்ந்திருப்பதையும், உறையின்மேல் தெளிவாக எழுதுதல் வேண்டும். அவை ஒவ்வாதவரின் உயிர் அவ்வெழுத்தைப் பொறுத்திருக்கலாம். வீகன் உணவென்று முத்திரையிட்டு விற்க விரும்புவோர்க்கு 2022ஆம் ஆண்டில் தனி விதிகள் ஏற்பட்டுள்ளன. அனுமதி பெறாமல் அம்முத்திரையை உபயோகித்தல் கூடாது. பாலும் முட்டையும் புழங்கும் பாத்திரங்களோடு கலவாமல் தனிப் பாத்திரங்கள் வைத்துக்கொள்வதும் இன்றியமையாதது.

முதன்முறையிலேயே திருவிழாக் கூட்டத்தை எதிர்பார்த்து நூற்றுக்கணக்கில் சுடுதல் அறிவுடைமையன்று. முதலில் 12 சுட்டு வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுத்து அவர்கள் கூறும் குறைகளைக் கேட்க வேண்டும். மாவு, வெல்லம், எண்ணெய், விறகு அல்லது எரிவாயு, உறை, தம் உழைப்பு ஆகிய அனைத்தையும் கணக்கிட்டு, ஒன்றுக்கு என்ன அடக்கம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். தோப்பில் உதிர்ந்த பழமாயினும் அதற்கும் ஒரு விலை போட்டே கணக்கெழுதுக. இலவசமாகக் கிடைத்ததென்று விட்டுவிட்டால், பழம் வாங்கிச் செய்ய நேரும் ஆண்டில் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நுழைந்துவிடும். அடக்க விலைக்கு மேல் நியாயமான ஆதாயம் கிடைக்குமாயின் விற்பனையில் இறங்கலாம். கிடையாதாயின் வீட்டுக் குழந்தைகளின் சிற்றுண்டியாகவே அஃது இருக்கட்டும். அதனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

சத்திரத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் வழிச்செல்வோர்க்கு உணவளிப்பது புதிய தொழில் அன்று. அந்த உணவு அவ்வூர் நிலத்தில் விளைந்ததாகவும், அவ்வூர்ப் பெண்மக்களின் கையால் தூய்மையாகச் செய்யப்பட்டதாகவும் இருக்குமாயின் உண்போர்க்கும் நன்று, விளைப்போர்க்கும் நன்று. வரும் மாம்பழப் பருவத்தில் தோப்புள்ள குடியானவர்கள் ஒரு கூடைப் பழத்தையேனும் இவ்வாறு பக்குவஞ் செய்து பார்த்துப் பயனடைவார்களாக.